இல்லமும் தோட்டமும்: புழக்கடையில் ஒரு பொய்கை

திருப்பூர்க் காதர்பேட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் நமது நேயர்களுக்குப் பனியன் மூட்டைகள் ஞாபகத்துக்கு வருமேயன்றி, அல்லி மலர்ந்த பொய்கை ஞாபகத்துக்கு வரப்போவதில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடையோடு கடை ஒட்டி நிற்கும் அந்தப் பேட்டையில் மனிதர் நடப்பதற்கே இடம் போதாது. குளம் வெட்ட இடம் ஏது என்று கேட்பது நியாயந்தான். ஆயினும் கடைவீதியைத் தாண்டிக் குடியிருப்புச் சந்துகளுக்குள் சென்றால், துவைகல்லும் ஒரு முருங்கை மரமும் உள்ள புழக்கடைகளை இன்றும் காணலாம். ஆறு அடி நீளமும் நாலு அடி அகலமும் உள்ள இடம் கிடைத்தால் போதும். இவ்வாரம் நாம் சொல்லவிருக்கும் காரியத்துக்கு அது தாராளம்.

ஊரிலே ஆறு இருக்க, வீட்டிலே குளம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஆற்றின் கதையே அதற்குப் பதில். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் காவேரியோடு கலக்கும் நொய்யலில், சாயப்பட்டறைகளின் கழிவு பல வருஷங்கள் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகி, கீழே இருந்த குடியானவர்களைக் கண்ணீர் விட வைத்தது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடும்படி 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட வேண்டி வந்தது. அதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. பறவைகள் வந்து தங்கும் நஞ்சராயன் குளம், 2022-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் ஜாபிதாவிலும் சேர்ந்தது. ஜலத்தைக் கெடுப்பதும் காப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் வேண்டியதில்லை. ஜலத்தில் உயிர் எப்படி வாழ்கிறது என்பதைத் தினந்தோறும் கண்ணால் பார்த்து வளரும் குழந்தை, பெரியவனானபின் ஆற்றில் கழிவைத் திறந்துவிடக் கை கூசும் என்பது நமது திடமான நம்பிக்கை.

இனி, செலவு விஷயத்துக்கு வருவோம். சிக்கனமாக வாங்குவது எப்படி என்பதைக் காதர்பேட்டையிடமே கற்றுக் கொள்ளலாம். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும், சிறு குறையுள்ள சரக்கும் அங்கே மலிவாகக் கிடைக்கும். கெட்டிக்காரக் குடும்பஸ்திரீ எந்தக் குறை உடுத்துவதைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று ஆராய்ந்தே வாங்குகிறாள். பொய்கைக்கும் இதே சூத்திரந்தான். விளிம்பு உடைந்த மண்சட்டி குறையுள்ளதேயானாலும் செடிக்குப் போதும்; உடைந்த செங்கல்லும் போதும். ஆனால் ஜலம் தாங்கும் விரிப்பில் மட்டும் குறை இருக்கலாகாது. அங்கே மிச்சம் பிடித்தால் பிற்பாடு எல்லாமே நஷ்டம்.

முதலில் இடம். நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் வெயில் படவேண்டும். இல்லாவிடில் இலை பெருகுமேயன்றிப் பூ வராது. மரத்தடி கூடாது, உதிர்ந்த இலை அழுகி ஜலம் நாறும், வேரும் விரிப்பைத் துளைக்கும். சமையலறைச் சாக்கடையும், துவைகல்லின் சோப்பு ஜலமும் மழைக்காலத்தில் ஓடிவந்து சேராத மேட்டுப் பாங்கான இடமாக இருத்தல் அவசியம்.

ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டினால் 36 கன அடி. ஏறக்குறைய 1,000 லிட்டர் ஜலம் கொள்ளும். ஒரு பக்கத்தில் முக்கால் அடி ஆழத்தில் திண்ணைபோல் ஒரு படி விடவேண்டும். ஓரத்துச் செடிகளுக்கு அதுவே ஆசனம். கரை நாலு புறமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்பதை, ரப்பர்க் குழாயில் ஜலம் நிரப்பிக் கொத்தனார் பார்ப்பதுபோல் பார்த்துக் கொள்ளவேண்டும். தோண்ட இடமில்லாதவர்கள், மூன்றடி விட்டமுள்ள சிமிண்டு உறை ஒன்றைத் தரையில் நிறுத்தி அடியைப் பூசிக் கொள்ளலாம். ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 300 லிட்டர் நிற்கும். புதுச் சிமிண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கி மீனைக் கொல்லும். ஆகையால் வாழைமட்டைத் துண்டுகளைப் போட்டு ஜலம் நிரப்பி, ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டி, இவ்விதம் மூன்று தடவை செய்தபிறகே உயிர்களை விடலாம்.

தோண்டிய பள்ளத்துக்கு விரிப்பு எவ்வளவு வேண்டும்? நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், கரையில் மடக்குவதற்கு இரு புறமும் ஓரோர் அடியையும் கூட்டவேண்டும். நமது கணக்குப்படி பதினோரடிக்கு ஒன்பதடி. சாதாரணத் தார்ப்பாய் வெயிலில் ஓரிரு வருஷத்தில் பொடிந்துவிடும். பண்ணைக்குட்டைகளில் விரிக்கும் 500 மைக்ரான் கனமுள்ள பாயில் துண்டு கிடைக்குமா என்று விசாரிப்பது நலம். விரிப்பின் கீழே இரண்டு அங்குல மணலும், அதன்மேல் மெத்தைபோல் ஒரு துணிப் படுகையும் வேண்டும். இந்த மெத்தைக்குத் திருப்பூர்வாசிகள் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. வெட்டு மேஜையில் மிஞ்சும் பனியன் வேஸ்ட் இருக்கிறதே, அதைவிட மெத்தென்ற பொருள் எங்கே அகப்படும்? பருத்தித் துணி மண்ணில் மக்கிவிடும். பாலியஸ்டர் கலந்தது நீடிக்கும். ஆனால் அது விரிப்புக்குக் கீழேதான் இருக்கவேண்டும். சாயத் துணியும் நூல் பிசிறும் ஜலத்துக்குள் போகலாகாது; நூல் தவளையின் காலில் சுற்றிக்கொண்டால் அது மீளாது. இன்னொரு எச்சரிக்கை: சாயப்பட்டறைகளில் ரசாயனம் வந்திறங்கிய பழைய பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றனவென்று தொட்டிக்கு வாங்கிவிடவேண்டாம். எத்தனை கழுவினாலும் அதன் உள்ளே இருந்தது என்னவென்று நமக்குத் தெரியாது.

ஜலத்துக்கு மழையே உத்தமம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை ஒரு தடவை பெய்தால் நமது பொய்கை ஏறக்குறைய நிரம்பிவிடும். திருப்பூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பிரதானம். ஆகவே புரட்டாசியில் தோண்டி முடிப்பது புத்திசாலித்தனம். முதல் மழையில் மாடியின் அழுக்கைக் கழுவி வெளியே விட்டுப் பிறகு குழாயைத் திருப்பவேண்டும். முனிசிபல் குழாய் ஜலமானால் குளோரின் போக இரண்டு நாள் வெயிலில் கிடக்கட்டும். ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் உப்பு மிகுதியென்றால் அதை மட்டும் நம்பவேண்டாம். கோடையில் ஆவியாகப் போவது ஜலம், தங்குவது உப்பு. கடுங்கோடையில் இப்பொய்கையிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு குடம் ஜலம் ஆவியாகும். குடி ஜலத்துக்குக் குடத்தோடு காத்து நிற்கும் வீட்டார் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டே இறங்கவேண்டும். அரிசி களைந்த ஜலத்தை ஊற்றி ஈடு செய்யலாமென்று எண்ணுவது தப்பு, பாசிதான் பெருகும்.

செடிகளில் முதலிடம் அல்லிக்கு. நமது நாட்டு வெள்ளல்லி மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்புவது. காலையில் கம்பெனிக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் குடும்பங்களுக்கு இதைப்போல் அனுசரணையான புஷ்பம் வேறில்லை. பகலில் பூக்கும் நீலோற்பலத்தை ஞாயிற்றுக்கிழமையன்றுதான் பார்க்கமுடியும். தாமரை ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அது சிறிய பொய்கையை முழுவதும் விழுங்கிவிடும். அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

அகன்ற சட்டியில் களிப்பாங்கான தோட்ட மண்ணை நிரப்பவேண்டும். பச்சைச் சாணமும் குப்பையும் கூடவே கூடாது. கிழங்கை நட்டு, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி விட்டு, ஓர் அங்குலம் மணல் தூவினால் மண் கலங்காது. முதலில் சட்டியைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்து, இலைக்காம்பு நீள நீள ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்கவேண்டும். இரண்டு அல்லிச் சட்டி போதும். படியின்மேல் வசம்பு, நீர்ப்பிரம்மி, வல்லாரை வைக்கலாம். வல்லாரையைத் துவையலுக்குப் பறிப்பதாயிருந்தால் ஜலம் சுத்தமானதுதானா என்பதை முதலில் நிச்சயித்துக் கொள்க. ஜலத்துக்குள்ளே ஒரு பிடி வேலம்பாசி. இலைகள் ஜலப்பரப்பில் பாதிக்குமேல் மூடினால் போதும். வெயில் உள்ளே குறைந்து பச்சைப் பாசி தானே அடங்கும்.

ஊதாப் பூவைக் கண்டு மயங்கி வெங்காயத் தாமரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த அந்தச் செடி வங்காளத்தின் ஓடைகளையும் வயல்களையும் அடைத்து, 1936-ல் அதை ஒழிக்கவென்றே ஒரு சட்டம் செய்யும்படி ஆயிற்று. நாற்றுக்காகச் சரணாலயத்தில் கை வைப்பதும் குற்றம். குளம் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ஒரு கிழங்கு கேட்டு வாங்குவதே மரியாதையும் சிக்கனமும் ஆகும்.

கொசு விஷயம் விளையாட்டல்ல. மலேரியாவைக் கொசு பரப்புகிறதென்று ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். தேங்கிய ஜலத்தில் கொசு உற்பத்தியாவதைத் தடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்பதை, ராஜாஜி மந்திரிசபைக் காலத்தில் பிறந்த 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டமே வற்புறுத்துகிறது. அது தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருப்பது. டெங்குக் கொசு சுத்தமான ஜலத்தையே தேடி முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். ஆகையால் ஜலம் நிரப்பிய முதல் வாரத்திற்குள் மீன் விடவேண்டும். 1928-ல் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பூசியா மீன் கொசுப் புழுவைத் தின்னும். நாட்டு மீன்களின் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். தலையில் வெள்ளிப் பொட்டுடன் மேற்பரப்பில் நீந்தும் நம் நாட்டுச் சிறு மீன் அதே வேலையைப் பழுதில்லாமல் செய்யும். பத்து மீன் போதும். தீனி போடவேண்டாம், வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடுமா? கடையில் வாங்கிய மீன் பெருகிவிட்டதென்று நொய்யலிலோ நஞ்சராயன் குளத்திலோ கொண்டுபோய் விடுவதும், வேண்டாத செடியை அங்கே எறிவதும் புண்ணியமல்ல, அபசாரம்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். தவழும் குழந்தைக்கு ஒன்றரை அடி ஜலம் சமுத்திரம். அரவமின்றி, இரண்டொரு நிமிஷத்தில் விபரீதம் நடந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருந்தால், குழந்தையின் கனம் தாங்கும் இரும்புக் கம்பி வலையைச் சட்டமடித்து ஜலத்தின்மேல் பொருத்தவேண்டும். அல்லி இலை அதனூடே எழும்பி வரும். விரிப்புக்கு அடுத்தபடி இந்த வலைக்குத்தான் மனமுவந்து செலவு செய்யவேண்டும். அதற்குக் கையில் பணமில்லையானால், குழந்தை வளரும்வரை பொய்கை காத்திருக்கட்டும்.

நிரப்பிய இரண்டாவது வாரத்தில் ஜலம் பட்டாணி நிறமாகப் பச்சை பூக்கும். அவசரப்பட்டு இறைத்துக் கொட்டினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதே. இலை பரவும்வரை பொறுத்திருப்பதே மருந்து. மோட்டாரும் நீரூற்றும் அத்தியாவசியமல்ல. மீன் கொஞ்சமாகவும் செடி அதிகமாகவும் இருந்தால் மின்சாரச் செலவே இல்லாமல் பொய்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பழுத்த இலையை வாரம் ஒருமுறை கிள்ளி எருக்குழியில் போடவேண்டும். ஓரத்தில் ஒரு சரிந்த கல் வைத்துவிட்டால் சிட்டுக்குருவி தாகம் தீர்க்கும். தவறி விழுந்த அணிலும் ஏறிப் பிழைக்கும்.

கதருக்குப் பெயர்போன ஊர் திருப்பூர். 1932-ல் கையில் கொடியுடன் அடிபட்டு உயிர் நீத்த குமரனால் புகழ் பெற்ற ஊர். தன் காரியத்தைத் தன் கையால் செய்து கொள்ளும் பழக்கத்தை அந்த ஊருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மண்வெட்டி, ஒரு விரிப்பு, இரண்டு சட்டி, பத்து மீன், ஒரு கம்பி வலை: ஜாபிதா இவ்வளவே. வருகிற புரட்டாசிக்குள் பள்ளத்தைத் தோண்டிவிடுங்கள். மற்றதை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.