பாட்டியின் வாயைப் பார்த்தீர்களா?

சாமான் வாங்கச் சிராங்கூன் சாலைக்குப் போனால், பாட்டிக்கென்று வெற்றிலையும் பாக்கும் வாங்காமல் திரும்ப உங்களுக்கு மனம் வராது. இந்தத் தடவை அதைக் கொடுக்குமுன் பாட்டியை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஏன் என்கிறீர்களா? உங்கள் கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தடவுங்கள். வழவழவென்று ஒரே தோல் போலத் தெரிகிறதல்லவா? உண்மையில் அது பல வரிசை உயிரணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். அடுக்கு எபிதீலியம் என்பார்கள். உணவுச் சத்தை உறிஞ்சும் குடலுக்கு ஒரே வரிசை போதும். முறுக்கையும் கொதிக்கிற காப்பியையும் தாங்கும் வாய்க்குப் போதுமா? இந்த மதிலுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அடியிலிருந்துதான் சத்து ஊறுகிறது. அடிவரிசையில் பிறக்கும் புது உயிரணுக்கள் மெல்ல மேலே வந்து, தட்டையாகி, உதிர்ந்துவிடுகின்றன. (அவற்றைத் தினமும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்!) ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கன்னத்தின் உட்புறம் புதிதாகிவிடும். சூடுபட்ட வாய் சீக்கிரம் ஆறுவது இதனால்தான்.

பாக்கை நாள் முழுக்க ஒரே கன்னத்தில் அடக்கினால், அந்த அடிவரிசையே நாளடைவில் பழுதாகிறது. மேலே வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தோன்றலாம். சிலருக்கு மதிலின் கீழுள்ள சதை நார்நாராக இறுகி, வாய் திறப்பதே குறைந்துவிடும். மதிலுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. கெட்டுப்போன உயிரணுக்கள் அதைத் தாண்டிவிட்டால், அதுதான் புற்றுநோய். எல்லாத் திட்டும் அப்படி ஆவதில்லை. எது ஆகும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

"நான் புகையிலை போடுவதில்லையே" என்பார் பாட்டி. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இல் அறிவித்தது. 2004இல் வெறும் பாக்கும் அப்படியே என்றது. சிங்கப்பூரில் குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் 2016 ஆகஸ்டு முதல் தடையாகிவிட்டன. பாக்கு கடையில்தான் இருக்கிறது.

"வலிக்கவில்லையே" என்றும் சொல்வார். ஆரம்பத்தில் வலிக்காது. பல் செட்டைக் கழற்றச் சொல்லி, இரு கன்னமும், நாக்கின் ஓரமும் அடியும் பாருங்கள். துடைத்தாலும் போகாத திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். தேவையானால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்வார். பல்லே இல்லாதவளுக்குப் பல் டாக்டர் எதற்கு என்று பாட்டி கேட்டால், வாய் முழுவதும் அவர் பொறுப்புதான் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.