கறியைப் பேசுறோம், கரியைப் பேசுறதில்ல

சென்னை, பெங்களூரு பக்கம் இருக்கிற சொந்தபந்தங்க இப்பல்லாம் போன் பண்ணா, ஊர்ல மழை உண்டான்னு கேக்குறாங்களோ இல்லையோ, "பார்பிக்யூவுக்கு நல்ல கரி கிடைக்குமா?"ன்னு கேக்குறாங்க. மொட்டைமாடியில வைக்கிற சின்ன இரும்பு அடுப்பு போய், சின்ன பீரோ மாதிரி நிக்கிற ஸ்மோக்கர் வந்திருக்கு. இரட்டைத் தகடு, நடுவுல சூடு கடத்தாத பஞ்சு. கீழ கரித் தட்டு, அதுக்கு மேல தண்ணித் தட்டு, அதுக்கும் மேல கறி வைக்கிற கம்பித் தட்டுகள். விலை ஒரு பைக் அளவுக்குக்கூடப் போகுது. வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இதுதான்: பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா பெட்டிக்கு அவ்வளவு கொடுத்துட்டு, கரிக்கு மட்டும் பேரம் பேசினா நீங்க திங்கப்போறது அரைவேக்காட்டுக் கட்டையோட புகையை.

அந்தப் பெட்டி செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணு. காத்தை அடக்குறது. கீழ ஒரு திறப்பு, மேல ஒரு திறப்பு. கீழ எவ்வளவு காத்து நுழையுதோ அந்த அளவுக்குத்தான் கரி எரியும். சுவர் வழியா சூடு வெளிய போகாததால கொஞ்சம் கரியே போதும். தட்டு நிறைய கரியைப் போட்டு, ஒரு மூலையில நாலஞ்சு துண்டை மட்டும் பத்தவெச்சா, அது பக்கத்துத் துண்டைப் பிடிச்சு, அது அடுத்ததைப் பிடிச்சுன்னு மெதுவா நகரும். எட்டு, பத்து மணி நேரம் 110லேருந்து 120 டிகிரி செல்சியஸ்ல நிக்கும். மெல்லிசுத் தகர அடுப்புல இந்த நிதானம் வராது. காத்தடிச்சா சூடு இறங்கும், நீங்க கரியை அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கணும்.

இதே வித்தையைத்தான் எங்க பக்கம், கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி வட்டாரத்துல, கரிமூட்டம் போடுறவங்க மண்ணை வெச்சு செய்யுறாங்க. சீமைக் கருவேல விறகை அடுக்கி, மேல வைக்கோலும் இலைதழையும் பரப்பி, குழைச்ச மண்ணைப் பூசி மூடி, உள்ள தீ வைப்பாங்க. அடியில சின்னச் சின்ன ஓட்டை. அந்த ஓட்டையைத் திறந்தும் அடைச்சும் பல நாள் நெருப்பை நடத்தணும். எங்கயாவது மண் வெடிச்சு காத்து புகுந்தா, விறகு முழுக்க சாம்பலாயிடும். அதனால ராத்திரியும் ஒரு ஆள் முழிச்சிருக்கணும். புகைதான் அவருக்குக் கடிகாரம். முதல்ல வெள்ளையா கனமா வரும், அது விறகோட ஈரம். அப்புறம் மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும். கடைசியில மெலிஞ்சு நீலம் தட்டும். அப்பதான் எல்லா ஓட்டையையும் அடைச்சு ஆறவிடணும். இவ்வளவுக்கும் ஒரு கிலோ கரி எடுக்க நாலஞ்சு கிலோ விறகு வேணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். கரி எடைக்குத்தான் போகுது. முழுசா வெந்த கரி லேசா இருக்கும். ஒரு நாள் முன்னாடியே மூட்டத்தைப் பிரிச்சா உள்ள அரைவேக்காட்டுக் கட்டை கிடக்கும், அது கனம். தண்ணி தெளிச்சு அணைச்ச கரியைக் காயவிடாம சாக்குல கட்டினா அதுவும் கனம். ஆக, பொறுமையா செஞ்சவருக்கு எடை குறையுது, அவசரப்பட்டவருக்கு எடை கூடுது. ரெண்டு பேருக்கும் ஒரே விலைன்னா, இன்னொரு ராத்திரி எதுக்கு அவர் கண்முழிக்கணும்? நீங்க கிலோவுக்குக் குறைக்கச் சொல்ற ஒவ்வொரு ரூபாயும் கடைசியில அந்த ஒரு ராத்திரியிலதான் போய்க் கழியுது.

"மரத்தை வெட்டிக் கரியாக்குறது சரியா?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனா சீமைக் கருவேல் நம்ம மரம் இல்ல, மெக்சிகோ பக்கத்து மரம். அமெரிக்காவுல டெக்சாஸ்காரங்க பார்பிக்யூவுக்குப் பெருமையாச் சொல்ற மெஸ்கீட் இதோட பங்காளி. எங்க கண்மாயையும் தரிசையும் இது பிடிச்சு வெச்சிருக்கு. அதேசமயம் மழை பொய்ச்ச வருசங்கள்ல எத்தனையோ வீட்டுல உலை கொதிச்சதும் இந்த விறகாலயும் கரியாலயும்தான். 2017ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மேல வெட்டினா மறுபடி துளிர்க்கும், தூரோட தோண்டணும். தோண்டுற கூலி அதிகம். அந்தத் தூர்க்கட்டையில எடுக்கிற கரிதான் கெட்டியா, நின்னு எரியும். அதுக்கு நீங்க கொஞ்சம் கூடுதலாக் கொடுத்தா, ஒரு துண்டு நிலம் பயிருக்குத் திரும்புற செலவுல உங்க பங்கும் இருக்கு.

எங்க ஊர் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. இப்ப பேர் சொல்லிக் கேட்டு வாங்குறாங்க. கரிக்கு அந்தப் பேர் இல்ல, கேக்குற ஆளும் இல்ல. கேக்கப் பழகுங்க. ரெண்டு துண்டைத் தட்டினா கணீர்னு சத்தம் வரணும். உடைச்சா உள்ள கருகருன்னு மினுமினுக்கணும், பழுப்பு தெரிஞ்சா வேகலைன்னு அர்த்தம். சாக்கோட அடியில தூள் அதிகம் இருந்தா சலிச்சு எடுங்க, தூள் காத்தை அடைச்சிடும்.

பெட்டி வாங்கினவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வாசனைக்குப் போடுற மரம் கொய்யாவோ மாவோ, நல்லாக் காய்ஞ்ச துண்டு ரெண்டு போதும். காத்து கம்மியாப் போற பெட்டியில நிறையப் போட்டா புகைஞ்சு கறி கசக்கும். சூடு ஒரு தடவை ஏறிட்டா சீக்கிரம் இறங்காது, அதனால 100 டிகிரியைத் தொடும்போதே கீழ்த் திறப்பைக் குறைச்சிடுங்க. வெள்ளாட்டுத் தொடையில கொழுப்பு கம்மி. எண்ணெயும் முண்டு மிளகாயும் உப்பும் தடவி மூணு மணி நேரம் புகையில விட்டு, அப்புறம் வாழை இலையில சுத்தி இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் வைங்க, எலும்பை விட்டுக் கழண்டு வரும். கண்ணாடி அடைச்ச பால்கனியில மட்டும் வைக்காதீங்க. கரி விடுற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொல்லும்.

வருசத்துக்கு ரெண்டு தடவை கறி சுடுறவங்களுக்கு நாலு செங்கல்லும் ஒரு கம்பி வலையும் தாராளம், மிச்சப் பணத்துல நல்ல கரி வாங்கலாம். மாசாமாசம் பத்துப் பேருக்குச் செய்யுறவங்க பெட்டியை வாங்குங்க, கரியும் மிச்சமாகும். எதுவா இருந்தாலும் கடையில விலை கேக்குறதுக்கு முன்னாடி ஒரு துண்டை எடுத்து உடைச்சுப் பாருங்க. வேகாத கரியை வேண்டாம்னு நீங்க திருப்பிக் கொடுத்தாத்தான், பொறுமையா மூட்டம் போடுறவருக்கு நாலு காசு கூடக் கிடைக்கும்.