வேலி போட்டவன் தீனி போடவேண்டும்!

"கவ்பாய்" என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? தொப்பி, குதிரை, இடுப்பிலே துப்பாக்கி! சினிமா அப்படித்தான் காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் உள்ள மொன்டானா மாநிலத்துக்கு ஜனவரி மாதத்தில் போய்ப் பாருங்கள். மாடு மேய்ப்பவன் கையில் துப்பாக்கி இராது. கோடரி இருக்கும்!

கோடரி எதற்கு? பனிக்கட்டியை உடைக்க. இரவிலே ஓடை உறைந்துவிடுகிறது. காலையில் உடைத்து விட்டால்தான் மாடு தண்ணீர் குடிக்கும். தாகத்தோடு நிற்கும் மாடு தீனியும் சரியாகத் தின்னாது.

பிறகு தீனி. ஒரு பெரிய பசுவுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ காய்ந்த புல் வேண்டும். 300 பசு இருந்தால் 3,600 கிலோ! குளிர் ஏற ஏறத் தீனியையும் கூட்டவேண்டும். தின்ற புல் வயிற்றிலே செரிக்கும்போது சூடு பிறக்கிறது. மாட்டுக்கு அதுதான் அடுப்பு.

அரை டன் எடையுள்ள புல் உருளையை டிராக்டரில் கொண்டுபோய், பனியின் மேலே பாய் விரிப்பதுபோல நீளமாக உருட்டி விடுகிறார்கள். ஒரே இடத்தில் கொட்டினால், பலமுள்ள மாடு தின்னும். இளைத்த மாடு பார்த்துக்கொண்டு நிற்கும்! சில பண்ணைகளில் இன்னும் குதிரை பூட்டிய சறுக்கு வண்டிதான். கடுங்குளிரில் டிராக்டர் கிளம்ப மறுக்கும். குதிரைக்கு அந்த வம்பு இல்லை.

இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கிறிஸ்துமஸும் கிடையாது.

"மாடு காட்டிலே தானாக வாழ்ந்த பிராணிதானே? இவ்வளவு ஊழியம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

அந்த நாட்டுக் காட்டெருமை, தலையாலேயே பனியை ஒதுக்கிவிட்டுப் புல்லைத் தின்னும். மாட்டுக்கு அந்த வித்தை அவ்வளவாகத் தெரியாது. பனிப்புயல் அடித்தால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். நடந்து நடந்து வேலியில் போய் முட்டும். அங்கேயே நின்று உயிரை விடும். 1886 ஜனவரியில், டெக்சாஸ் மாநிலத்தின் வடகோடியில் ஆயிரக்கணக்கான மாடுகள் வேலி ஓரமாக இப்படித்தான் மடிந்தன.

வேலி போட்டது யார்? மனிதன்! ஓடிப் பிழைக்கும் வழியை அடைத்தவன், தீனி போட்டே ஆகவேண்டும். புயல் வருமுன் மரங்கள் உள்ள பள்ளத்துக்கு ஓட்டிச் செல்லவும் வேண்டும். இது தருமம் அல்ல, கடன்.

பேராசை செய்த வேலை

மொன்டானாவிலே ஒரு காலத்தில் இந்தக் கடனை யாரும் நினைக்கவில்லை. முதலாளிகளில் பலர் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்தார்கள். புல் இலவசம் என்று எண்ணி மாட்டைக் குவித்தார்கள். 1886 கோடையில் மழை பொய்த்தது. பின்னால் வந்த குளிர்காலத்தில் பனி இளகி மீண்டும் இறுகிக் கல்லாயிற்று. புல் அடியிலே இருந்தும் மாட்டுக்கு எட்டவில்லை. மந்தை மந்தையாகச் செத்தன. பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டும், பக்கத்து டகோட்டாவில் வைத்திருந்த மந்தையில் பெரும்பகுதியை இழந்தார்.

"மாடுகள் எப்படி?" என்று முதலாளி விசாரித்தபோது, சார்லஸ் ரஸ்ஸல் என்ற இளைஞர் சிறிய படம் ஒன்றை வரைந்து அனுப்பினார். எலும்பும் தோலுமாக ஒரு மாடு. சுற்றிலும் ஓநாய்கள்! அந்தப் படமே அவரைப் பெரிய ஓவியர் ஆக்கியது.

அதற்குப் பிறகுதான் கோடையிலே புல் அறுத்துப் போர் போடும் பழக்கம் பரவியது. சந்தை விலையைப் பார்த்து மாட்டைப் பெருக்குவது தவறு. போரிலே எத்தனை நாள் புல் இருக்கிறது என்று பார்த்துத்தான் பெருக்கவேண்டும்.

எல்லாச் சாவுக்கும் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் முதலில் மழை, பிறகு பனிப்புயல். மாட்டுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை. மந்தைகள் கோடை மேய்ச்சலிலேயே நின்றன. பல்லாயிரம் மாடுகள் மாண்டன. அந்தப் பண்ணைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது சினைப்பசுக்களுக்குப் பொழுது சாயும் வேளையில் தீனி போடுகிறார்கள். அப்படிப் போட்டால் பெரும்பாலான கன்றுகள் பகலிலே பிறக்கின்றன! கனடாவில் ஒரு பண்ணைக்காரர் கண்டறிந்த வழி இது. பகலில் பிறந்த கன்றை உடனே துடைத்துக் காதும் வாலும் உறையாமல் காப்பாற்றலாம். மாடு மேய்ப்பவனும் இரவில் கொஞ்சம் கண்ணயரலாம். விடிந்தால் மறுபடியும் கோடரி!