புழுக்கையைப் பெருக்கித் தள்ளினோம்

சமையல் மேடைக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்புறம் கறுப்பாக நாலைந்து துணுக்குகள் கிடக்கின்றன. எலிப்புழுக்கை என்று நமக்குத் தெரியும். தெரிந்தே துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். அன்று மாலையே யாராவது பேச்சுவாக்கில் கேட்டால், “நம்ம வீட்லயா? அதெல்லாம் கிடையாது” என்கிறோம். பக்கத்து வீட்டாரிடம் இப்படிச் சொல்கிறோம், குடிவர இருப்பவரிடம் சொல்கிறோம், சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்கிறோம். சொல்லிச் சொல்லி நாமே அதை நம்பிவிடுகிறோம். நகரத்து வீடுகளில் வாழும் நாம் இதைப் பற்றி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

எலி வந்ததில் நம் குற்றம் பெரிதாக இல்லை. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய நாள் முதல் அது அவன் கூடவே வருகிறது. சுண்டெலி உள்ளே நுழைய 6 மி.மீ. சந்து போதும்; வீட்டு எலியின் குட்டிக்கு 12 மி.மீ. போதும். கழுவும் தொட்டியின் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில், ஏசி வயர் வெளியேறும் ஓட்டையில், கதவின் அடியில் இந்த அளவு இடைவெளி இல்லாத வீடு அபூர்வம். ஆனால் எலி என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் அந்த வீட்டுப் பெண்ணின் குறை என்று ஒரு கணக்கை நாம் போட்டு வைத்திருக்கிறோம். அதனால் முதலில் பார்த்தவர் வாயைத் திறப்பதில்லை. முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பெருக்கித் துடைப்பவர்தானே: அம்மா, மனைவி, மருமகள், வீட்டு வேலைக்கு வரும் அக்கா. “ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஏதோ கடிச்சிருக்கும்மா” என்று அந்த அக்கா சொன்னபோது, “அப்புறம் பாக்கலாம்” என்று நாம் போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னோம். அடையாளம் நம் கண்ணுக்குத் தப்பவில்லை. சொன்னவர்களின் பேச்சுக்கு நாம் மதிப்புக் கொடுக்கவில்லை.

நமக்கு முந்தியவர்கள் இதில் இவ்வளவு கூச்சப்படவில்லை. குதிரிலும் பத்தாயத்திலும் நெல் வைத்திருந்தவர்கள், தயிரையும் வெண்ணெயையும் உறியில் தொங்கவிட்டவர்கள், எலி வரும் என்பதை ஒப்புக்கொண்டே வீட்டை அமைத்தார்கள். பிளேக் பரவிய காலத்தில் அவர்களுக்குக் கவனம் உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. எலியிடமிருந்து மனிதனுக்கு அந்த நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் கண்டுபிடித்தார். வீட்டில் எலி செத்து விழுந்தால் உடனே வெளியேறிவிட வேண்டும் என்பதை நாட்டின் பல பகுதிகளில் சாதாரண மக்கள் அதற்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அந்த அச்சம் நம்மை விட்டுப் போனது நல்லதுதான். அதோடு சேர்த்துக் கவனத்தையும் கைவிட்டோம்.

என்னவெல்லாம் கண்டும் விட்டுவிட்டோம் என்று யோசித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. புழுக்கையே எவ்வளவோ சொல்லும். சுண்டெலியுடையது 3 முதல் 6 மி.மீ.; முனை கூராக இருக்கும். வீட்டு எலியுடையது ஏறக்குறைய 12 மி.மீ. நீளம். ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம், பயப்பட வேண்டாம். புழுக்கை மினுமினுப்பாக, ஈரப்பசையோடு இருந்தால் எலி நேற்றோ இன்றோ வந்திருக்கிறது; சாம்பல் பூத்து, தொட்டால் பொடிந்தால் பழையது. ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் பக்கத்திலேயே இரையோ கூடோ இருக்கிறது. இத்தனையையும் சொல்லக்கூடிய ஒன்றை நாம் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்காமல் முறத்தில் அள்ளிக் கொட்டினோம்.

எலி வெட்டவெளியைத் தவிர்த்துச் சுவரை ஒட்டியே ஓடும். அதுவும் தினமும் ஒரே பாதையில் ஓடும். அதன் உடம்பின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் ஒட்டி ஒட்டி, தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் சுவரில் கறுத்த கோடு விழும். அதைப் பெயின்ட் மங்கிவிட்டது என்று சொல்லி வெள்ளையடித்தோம். அரிசி மூட்டையின் அடியில் ஓட்டை விழுந்தபோது கடைக்காரரைத் திட்டினோம். பரணில் இரவு பத்து மணிக்கு மேல் கேட்ட பிறாண்டல் சத்தத்தைப் பூனை என்றோம். அலமாரிக்குள் அம்மோனியா நெடி வந்தபோது நாப்தலின் உருண்டை போட்டோம். ஸ்கூட்டர் வயர் கடிபட்டிருப்பதாக மெக்கானிக் சொன்னபோது வயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தோம். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். அது கடிப்பது மின்வயராக இருந்தால் மின்கசிவும் தீயும் அடுத்து வரலாம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ளும் வழி நம் வீட்டு டப்பாவிலேயே இருக்கிறது. படுக்கப் போகும்முன் சுவரோரமாகக் கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் கால்தடம் தெரியும். முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து. நடுவில் வால் இழுபட்ட கோடும் சில சமயம் தெரியும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீச்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடும், கூர்மூக்குள்ள மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது கரப்பானையும் பூச்சிகளையும் தின்று நமக்கு நல்லது செய்கிறது. நாம் வைத்த மருந்தில் அதையும் கொன்றோம்.

இங்கே நாள் கணக்கு முக்கியம். எலியின் சினைக்காலம் மூன்று வாரந்தான். சுண்டெலி ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாங்களே ஈனத் தயாராகிவிடும். “பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பாத்துக்கலாம்” என்று ஐப்பசியில் நாம் தள்ளிப்போட்டபோது ஒரு தலைமுறையையே வளரவிட்டோம்.

தள்ளிப்போட்டவர்கள் பிறகு ஒரே நாளில் தீர்க்கப் பார்த்தோம். கடையில் மருந்து வாங்கினோம், அல்லது ஆள் கூப்பிட்டு மருந்து வைக்கச் சொன்னோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிக்கும், முறிமருந்து கிடையாது, பற்பசை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்ய வேண்டி வந்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் எலியை ஒழிக்க மருந்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நச்சு வாயுவைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பெற்றோரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. தங்கள் பிள்ளைகளைப் பாதுகாக்க நினைத்தவர்கள் அவர்கள். எலி என்றால் மருந்துதான் வழி என்ற பழக்கத்தை ஒரு சமூகமாக நாம் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கினோம். முதல் புழுக்கையைக் கண்ட வாரத்திலேயே சந்துகளை இரும்பு நாரும் சிமென்டும் கொண்டு அடைத்து, அரிசி பருப்பை எவர்சில்வர் தூக்கிலும் டின்னிலும் மூடி வைத்து, இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காமல், சுவரோரம் ஒரு மரப்பொறி வைத்திருந்தால் பெரும்பாலான வீடுகளில் வேலை முடிந்திருக்கும். வீட்டு எலி புதிதாக வைத்த எதையும் கண்டு நாலு நாள் ஒதுங்கும். ஆகவே பொறியைச் சில நாள் விசையேற்றாமல் தேங்காய்ச்சில்லோ கருவாடோ மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். அந்தப் பொறுமை நம்மிடம் இல்லை.

அடுக்ககங்களில் நம் தவறு இன்னும் கூடுதல். நாலாவது மாடிக்காரர் தன் வீட்டை மட்டும் அடைத்துக்கொள்கிறார், எலி குழாய் வழியாக மூன்றாவது மாடிக்குப் போகிறது. குப்பைத் தொட்டி மூடியில்லாமல் கிடப்பதையும், சாக்கடை மூடி உடைந்து பெருச்சாளி வளை தோண்டியிருப்பதையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறோம். குடியிருப்போர் கூட்டத்தில் பார்க்கிங்குக்காக ஒரு மணி நேரம் சண்டை போடுகிறோம். எலியைப் பற்றி ஒருவரும் எழுந்து பேசுவதில்லை, பேசினால் எலி தன் வீட்டில் இருக்கிறது என்று ஆகிவிடுமே.

இந்த மௌனம் நோயில் போய் முடிகிறது. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரிலிருந்து வருகிறது. அந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து, காலில் உள்ள சிறு புண் வழியாகக்கூட உள்ளே போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் அதைப் பெரிய அளவில் பார்த்தது. கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையில் வலி, கண் சிவத்தல் என்று தொடங்கும். சிலருக்கு மஞ்சள்காமாலை வந்து சிறுநீரகம் பழுதாகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகிவிடும். ஆனால் தொடக்கத்தில் இதை வேறு காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிவது மருத்துவருக்கும் எளிதல்ல. அவருக்கு உதவும் ஒரு தகவல் நம்மிடம் இருக்கிறது, அதை அவரிடமும் மறைக்கிறோம்.

இனி புழுக்கையைக் கண்டால் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசு மூக்கில் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். பார்த்ததைச் சொன்னவரை அதட்டாதீர்கள். வீட்டில் யாருக்காவது மழைக்காலக் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே, “எங்க வீட்டுல எலி இருக்கு டாக்டர்” என்று கூசாமல் சொல்லுங்கள்.