துப்பாக்கியின் கட்டையும் கைப்பிடியும்

உழுகின்றவனுடைய உயரத்திற்கேற்ப மேழி அமையாவிடின், மாடுகள் எத்துணை நல்லனவாயினும் உழவு செவ்வையாக நடவாது. இதனை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் துப்பாக்கி வாங்கப் புகுங்கால், குழலின் நீளத்தையும் விலையையும் விசாரிக்கின்றவர்களுள் பலர், தோளிற் பதியும் கட்டையையும் கை பற்றும் பிடியையும் கவனிப்பதில்லை. இது பெருந்தவறென்பது எமது அபிப்பிராயம்.

இதற்குத் தக்க உதாரணம், அமெரிக்க நாட்டில் பெருவழக்காயுள்ள பம்ப் துப்பாக்கியாகும். அதன் முன்கட்டையை இடக்கையாற் பின்னுக்கிழுத்து முன்னுக்குத் தள்ளினால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழ, புதிய தோட்டா உள்ளே ஏறும். 1897-ஆம் வருஷத்து வின்செஸ்டர் மாதிரியால் இவ்வகை புகழ் பெற்றது. 1950-இல் வெளிவந்த ரெமிங்டன் 870 என்னும் மாதிரி, 2009-இல் ஒரு கோடி என்னும் எண்ணிக்கையை எட்டிற்று.

இத்துப்பாக்கிகளுக்கு நால்வகை அமைப்புக்கள் உண்டு. வளைவில்லாத நேர்ப்பிடி ஒன்று. சிறிதே கீழ்நோக்கி வளைந்த அரைவளைவுப் பிடி இரண்டாவது. கைத்துப்பாக்கியினது போல் நன்கு கீழிறங்கிய முழுப்பிடி மூன்றாவது. தோட்கட்டையே இன்றி அம்முழுப்பிடி மாத்திரம் உடையது நான்காவது.

நேர்ப்பிடி, இரண்டு விசைகளையுடைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஏற்றது. முன்விசையினின்று பின்விசைக்குக் கை எளிதில் நகரும். பம்ப் துப்பாக்கிக்கோ விசை ஒன்றே. அதில் முன்கை இழுத்துத் தள்ளும்பொழுது பின்கை நழுவாதிருத்தலே முக்கியம். அரைவளைவுப் பிடி அந்நிலையைத் தருவதோடு, ஓடும் பிராணியைத் தொடர்ந்து குழலைத் திருப்புவதற்கும் இடையூறு செய்யாது. ஆகையால் பண்ணை வேலைக்கு அதுவே சிறந்ததென்போம்.

முழுப்பிடி ஒரு கையால் ஏந்துவதற்கு உறுதியானதென்பது மெய்யே. ஆயின் பாதுகாப்புப் பொத்தான் இருக்குமிடத்தை அறியாமல் அதனை வாங்கலாகாது. மாஸ்பர்க் 500 மாதிரியில் அப்பொத்தான் கட்டைவிரலால் தள்ளும்படி மேற்புறத்தில் உள்ளது. முழுப்பிடியைப் பற்றியவன் கட்டைவிரல் அங்கே எளிதில் எட்டாது. பிடியைத் தளர்த்தியே தள்ள வேண்டும். ரெமிங்டன் 870-இல் அது விசைக்குப் பின்னால் குறுக்காக அமைந்திருத்தலால் இவ்விடர் இல்லை. அந்தி மயங்கும் வேளையில், வேலையாட்கள் நடமாடும் வயலில், பொத்தானைத் தேடித் தடுமாறும் கை எத்தகைய விபத்தை விளைவிக்குமென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கட்டையில்லாத நான்காம் வகையைப் பார்வைக்கு அழகென்று கருதி வாங்குவோர் உண்டு. 12 போர் தோட்டாவின் உதைப்பு முழுவதையும் அதில் மணிக்கட்டே தாங்க வேண்டும். அன்றியும், கன்னம் படிய இடமின்மையால் குறி நிலைக்காது. ரவைத் துப்பாக்கியிற் பெரும்பாலும் பின்குறி கிடையாது. சுடுவோன் கண்ணே பின்குறியாகும். அக்கண் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், 16 கஜ தூரத்தில் ரவை ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகும். தவறிய ரவை பிராணியைக் கொல்லாமற் காயப்படுத்தி ஓடவிடும். அல்லது அப்பால் நிற்கும் மனிதரைத் தாக்கும்.

நீளமும் அத்தகையதே. விசையினின்று கட்டையின் அடிமுகம் வரை சுமார் 14 அங்குலம் இருத்தல் அமெரிக்கக் கம்பெனிகளின் வழக்கம். குள்ளமானவருக்கு அது மிகை. தோளுக்கு உயர்த்துகையில் கட்டை அக்குளில் மாட்டிக்கொள்ளும். நெடியவருக்கு அது குறைவு. உதைக்கும்பொழுது பெருவிரல் மூக்கில் மோதும். கன்னத்தை வைத்தபின் மூக்குக்கும் பெருவிரலுக்கும் இடையே இரண்டு விரற்கடை இருப்பின் பொருத்தமென்று கொள்ளலாம்.

கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். தோட்டா இல்லையென்பதைத் தாமே திறந்து பார்த்து, ஆளில்லாத திசையை நோக்கிக் கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுக. பின் கண் திறந்தால் பார்வை குழலின் மேலாக நேரே செல்ல வேண்டும். குழலின் முதுகு மிகுதியாகத் தோன்றினால் கட்டை உயரம். துப்பாக்கியின் பின்புறமே கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு.

நம் நாட்டில் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ லைசென்சுடன் வைத்திருப்போருக்கும் இவ்வளவைகள் பொருந்துவனவே. கட்டை பொருந்தாவிடின், லைசென்சு பெற்ற தொழிலாளியிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் கட்டையைக் குறுக்கலாமேயன்றி, உத்தரவின்றிக் குழலைக் குறுக்கலாகாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அது குற்றம். துப்பாக்கிக்குப் பெற்ற லைசென்சு, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பிராணிகளைச் சுடுவதற்கு அநுமதியுமன்று. லைசென்சுக்கு விண்ணப்பம் செய்வோர்க்குக் கிராம அதிகாரிகள் இவற்றை எடுத்துரைப்பது நலம்.

பிறர் தோளுக்கு அமைந்த துப்பாக்கி, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், நமக்குக் காவலாகாது. விலையை விசாரிக்குமுன் அதனைத் தோளில் வைத்துப் பார்ப்பதே விவேகமாகும்.