வாரிசுச் சான்றிதழ்ல பேர் வருமா?



"ஆணும் ஆணும் கல்யாணமா? கலாச்சாரம் என்னாகும்?"னு டீக்கடையில கேட்கிறவங்களுக்கு ஒரு பதில்.

புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தையும் இப்படித்தான் கேலி செஞ்சாங்க. 1967-ல் அண்ணா ஆட்சி அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. கலாச்சாரம் அழிஞ்சா போச்சு?

தோட்டத்துல முப்பது வருசம் ஒண்ணா வாழ்ந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்தா, கூடலூர் தாலுகா ஆபீஸ் தரும் வாரிசுச் சான்றிதழ்ல மற்றவர் பேர் வராது. பிரச்சினை இதுதான்!

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 17.10.2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எதிர்த்து வாதாடியது ஒன்றிய பாஜக அரசு!

இதனால யாரோட கல்யாணமும் ரத்தாகாது. ஓட்டு கேட்டு வர்ற எம்.பி. வேட்பாளர்கிட்ட கேளுங்க: சட்டம் எப்போ?

#சமஉரிமை #தேவர்சோலை