கோடு இறங்கினால் விலை இறங்கியதாகுமா?

நாளிதழ்களில் இப்போது விலைவாசிச் செய்திகள் கோடும் தூணும் அம்புக்குறியுமாக வண்ணப் படங்களோடு வருகின்றன. இதை நாம் குறை கூறவில்லை. 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைக் கோடுகளாக வரைந்து புத்தகமாக வெளியிட்டார். வணிகக் கணக்கை ஒட்டி வளர்ந்த முறைதான் இது. ஆனால் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் பழி கடைக்காரர் தலையில்தான் விழுகிறது.

2024-ம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். சில்லறைப் பணவீக்கம் ஜூனில் 5.08 சதவீதம், ஜூலையில் 3.54 சதவீதம் என்று மத்திய அரசு அறிவித்தது. இதைப் படமாக வரைந்தால் கோடு சரிந்து இறங்கும். பார்ப்பவர், "விலை இறங்கிவிட்டதே, நீங்கள் மட்டும் ஏன் குறைக்கவில்லை?" என்று கல்லாவின் முன் நின்று கேட்பார். உண்மையில் அதே இரு மாதங்களில் விலைக் குறியீட்டு எண் 190.2-லிருந்து 193-க்கு ஏறியிருந்தது!

காரணம் எளிது. பணவீக்கம் என்பது சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும் கணக்கு. 2023 ஜூலையில் தக்காளி விலை உச்சத்தில் இருந்தது. அம்மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம். அந்த உயர்ந்த விலையோடு ஒப்பிட்டதால் 2024-ல் ஏற்றம் சிறிதாகத் தெரிந்தது. குறைந்தது ஏற்றத்தின் வேகமே தவிர, விலை அல்ல.

தூண் படத்திலும் இதுபோன்ற சங்கடம் உண்டு. கிலோ 150 ரூபாய் விற்ற பருப்பு 156 ஆனால் ஏற்றம் 4 சதவீதம்தான். படத்தின் அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் வைக்காமல் 148-ல் வைத்தால், இரண்டாவது தூண் முதல் தூணைப்போல் நான்கு மடங்கு உயரமாக நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு நாம் கொள்ளை லாபக்காரர் ஆகிவிடுவோம்.

பத்திரிகை நண்பர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: படம் காட்டுவது விலையையா, விலையேற்ற வேகத்தையா, மொத்த விலையா, சில்லறை விலையா, அடிக்கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது என்பவற்றைப் படத்தின் அடியிலேயே அச்சிடுங்கள்.

நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் படத்தைக் காட்டிக் கேட்டால் கோபம் வேண்டாம். அன்றைய விலைப்பலகையைத் தேதியோடு வையுங்கள். கொள்முதல் பட்டியலைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, பொறுமையாக எடுத்துக் காட்டுங்கள். பல ஆண்டுகள் சேர்த்த நல்ல பெயரை ஒரு படத்துக்காக இழக்க வேண்டியதில்லை.